தோற்ற ஞாயிறுகளின் வைத்தியர்

“முப்பத்தொரு வருஷமா நம்ம பசங்க ஆடின ஆட்டத்துல ஒரு முதல் உதையையோ கடைசி உதையையோ என் கண்ணு பாக்காம விட்டதில்ல. எந்த வருஷம், எந்த ஞாயிறுன்னு நீ சொல்லு. பந்து எந்தப் பக்கம் போச்சுன்னு நான் சொல்றேன்” என்றபடி நோர்பர்ட் டூடெக், பக்கத்து வீட்டு ரிச் ஸீலின்ஸ்கி குப்பைத் தொட்டியில் சாய்த்து வைத்திருந்த ஐம்பத்தைந்து அங்குல டிவியின் முதுகைத் திருகிக்கொண்டிருந்தார். நவம்பர் மாதத்துத் திங்கட்கிழமை காலை. குப்பை வண்டி வர இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. ஸீலின்ஸ்கி குளியல் அங்கியை இறுக்கிக்கொண்டு வாசற்படியில் நின்றார். முந்தின நாள் அமெரிக்கக் கால்பந்தில் நம் அணி தோற்கும் தறுவாயில் அந்தத் திரைமேல் பூட்ஸை எறிந்தவர் அவர்தான். அடுத்தவர் பெருமையைக் கேட்கும் தெம்பு அப்போது அவரிடம் இல்லை.

பஃபலோ நகரின் கிழக்கோரம் வாண்டா தெருவில் இந்தப் பெருமையைச் சந்தேகிப்பார் யாருமில்லை. ஆதாரம் அவ்வளவு கனமானது. குடல்வால் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, சக்கரப் படுக்கையை நடைவழி டிவிக்கு எதிரே நிறுத்தச் சொன்னவர் நோர்பர்ட். ஒன்றேகால் நிமிடம் பாக்கி இருந்தது. மயக்க மருந்து கொடுக்க வந்தவரும் கூட நின்று பார்த்தார். மகள் கல்யாணத்தில் தேவாலயத் தூணுக்குப் பின்னால் கையடக்க டிவியோடு நின்றார். பாதிரியார் பீடத்திலிருந்தே புருவத்தால் புள்ளிக்கணக்குக் கேட்டார் என்பது மனைவி லொரேனின் சாட்சியம். மாமனாரை அடக்கம் செய்த நாளைப் பற்றிச் சாட்சி சொல்ல மட்டும் லொரேன் இன்றுவரை மறுக்கிறார்.

நோர்பர்ட்டுக்கு வயது ஐம்பத்தெட்டு. உடம்பு குட்டை, கழுத்து இல்லை, தலையில் கோடையிலும் கழற்றாத கம்பளிக் குல்லாய். மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் போய்ப் பத்து வருடமாகிறது; அந்த இடத்தில் செப்புக் கம்பியை முறுக்கிக் காதில் மாட்டியிருக்கிறார். ஒரு பெரிய கடையின் பழுதுபார்க்கும் பிரிவில் இருபது வருடம் வேலை பார்த்தார். கடை மூடியதும் தன் வீட்டுக் கார் கொட்டகையையே பிரிவாக்கிக்கொண்டார். பனிக்காலம் முழுவதும் கார் வெளியே நனைகிறது. டிவிகள் உள்ளே குளிர்காய்கின்றன.

எந்த டிவி வந்தாலும் முதலில் அதை முகர்ந்து பார்ப்பார். முதுகின் துளைகளில் மூக்கை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கருகிய மீன் வாடை அடித்தால் மின்சாரம் கொடுக்கும் போர்டு போயிற்று. ஒன்றும் வாடை இல்லையென்றால் சமாசாரம் பெரியது. “செத்துப்போச்சா?” என்று கேட்பவரை அவருக்குப் பிடிக்காது. “மயக்கம்” என்று திருத்துவார். கழற்றிய ஸ்க்ரூக்களை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டுவைப்பார். வேலை முடிந்து மூடியபின் எப்படியும் ஒன்று மிஞ்சும். அது கம்பெனிக்காரன் அதிகமாகப் போட்டது என்பது அவர் தீர்ப்பு.

ஊர் தோற்கத் தோற்க அவருக்கு உதிரிபாகம் சேரும். தோற்ற ஞாயிறுக்கு மறுநாள் காலை பனிச் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். உடைந்த திரையைப் பார்த்த மாத்திரத்தில் எறிந்த ஆயுதத்தைச் சொல்லிவிடுவார். ரிமோட் பட்டால் நட்சத்திரம், பீர் டின் பட்டால் முழுநிலா, பூட்ஸ் என்றால் ஆற்றுப்படுகை. கண்ணாடி உடைந்த டிவிக்கு உலகத்தில் வைத்தியம் கிடையாது. ஆனால் அதன் வயிற்றுக்குள் இருக்கும் போர்டுகள் பழுதில்லாதவை. அவற்றை உருவிக்கொண்டு வந்து, கொட்டகையின் குறுக்கே கட்டிய கொடியில் துணிக்கிளிப் போட்டுத் தொங்கவிடுவார். மழைநாளில் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக் கொடிபோல் அது எப்போதும் நிறைந்திருக்கும்.

ஒவ்வொரு போர்டிலும் கெட்டி மையால் குறிப்பு உண்டு. ஆனால் நீங்களும் நானும் எழுதக்கூடிய குறிப்பு அல்ல. ‘ஸீலின்ஸ்கி, நவம்பர், ஏழு புள்ளியில் தோல்வி, பூட்ஸ்.’ ‘கோவால், டிசம்பர், கடைசி நிமிடத்தில் பந்தை நழுவவிட்டது, ரிமோட்.’ மாடல் எண்ணையும் அதன் வால் எழுத்துகளையும் எழுதிவைத்தால் தேட வசதியாயிருக்குமே என்று லொரேன் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

“நம்பர் மறந்துபோகும். தோல்வி மறக்குமா?” என்றார் நோர்பர்ட்.

ஜனவரியில் அதிசயமாக நம் அணி தோற்பதை நிறுத்தியது. வென்று வென்று, தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டிய கட்டத்துக்கு வந்து சேர்ந்தது. ஆட்டம் தெற்கே ஒரு வெயில் ஊரில், ஞாயிறு மூன்று மணிக்கு. இங்கே சனிக்கிழமையே ஏரியிலிருந்து பனி கிளம்பி வந்து இடுப்பளவு கொட்டியது. விமான நிலையம் மூடியாயிற்று, கடைகள் மூடியாயிற்று, வட்டாரம் முழுக்க வண்டி ஓட்டத் தடை. தெருவுக்கு அதனால் கவலை இல்லை. ஆட்டம் பார்க்கச் சக்கரம் எதற்கு? கோழிச் சிறகும் பீரும் வெள்ளிக்கிழமையே வீடு சேர்ந்துவிட்டன.

ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு ஜெரால்டின் வோய்சிக்கின் டிவி மயங்கியது.

ஜெரால்டின் பதினாறாம் எண் வீட்டில் தனியாக இருக்கும் அறுபத்தாறு வயதுக்காரர். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். அவர் மகன் டெரெக் இந்தத் தெருவில் பிறந்து, இந்தத் தெருவின் கார் கொட்டகைகளின் மேலாகப் பந்தை உதைத்து வளர்ந்து, இன்று பந்தை உதைப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறான். ஆட்டம் முழுக்க வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். இரண்டு மஞ்சள் கம்பங்களுக்கு நடுவே பந்தை அனுப்ப வேண்டிய நேரத்தில் மட்டும் கூப்பிடுவார்கள். போனால் மூன்று புள்ளி. இதில் வாண்டா தெருவுக்குப் பெருமையே தவிர வேறில்லை. ஒரே ஒரு சங்கடம். டெரெக்கைச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பது நம் அணி அல்ல. அந்த வெயில் ஊர் அணி.

மகனைப் பார்க்க ஜெரால்டின் வாங்கிய விமானச்சீட்டு பனியில் போயிற்று. மிஞ்சியது டிவி, அதுவும் போயிற்று. தெருவில் பன்னிரண்டு வீடுகளில் டிவி ஓடும். எல்லோரும் கூப்பிடத்தான் செய்தார்கள். கூப்பிட்டவர்கள் எல்லோரும் கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்கள்: டெரெக் உதைக்கும்போது சத்தம் போடக் கூடாது. அவன் வாங்கிக்கொடுத்த கைபேசியில் பார்க்கலாமே என்றால், அதில் பந்து எள்ளளவு, மகன் கடுகளவு. கண்புரை எடுத்த கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

“என் பையன் உதைக்கறப்ப நான் கைதட்ட முடியாத வீட்டுல எனக்கு என்ன வேலை?” என்று நோர்பர்ட்டிடம் தொலைபேசியில் சொன்னார். “என் டிவி ஓடுமா, ஓடாதா? அதை மட்டும் சொல்லு.”

பேசிவிட்டு வைப்பதற்குள் செய்தி பரவி, ஸீலின்ஸ்கி கொட்டகைக்கு வந்து சேர்ந்தார். அவர் வந்தது தெருவின் தூதுவராக. விஷயம் இதுதான்: ஜெரால்டின் பார்த்த ஆட்டங்களில் டெரெக் ஒரு உதையைக்கூடத் தவறவிட்டதில்லை. ஒரே ஒருமுறை, அக்டோபரில், அந்தம்மாள் தேவாலயத்து பிங்கோ விளையாடப் போயிருந்தபோது பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஜெரால்டின் கையில் ஜெபமாலை, எதிரே ஓடுகிற டிவி, இரண்டும் சேர்ந்தால் நமக்கு ஆபத்து என்பது தெருவின் ஆராய்ச்சி முடிவு. படித்தவர்கள், பல் டாக்டர் உட்பட, இதில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

“அந்த டிவி நாளைக்குக் காலைல வரைக்கும் மயக்கமாவே இருக்கட்டும், நோர்ப்” என்றார் ஸீலின்ஸ்கி. “பாகம் கிடைக்கலன்னு சொல்லிடு. இது ஊர் விஷயம்.”

நோர்பர்ட்டுக்கும் உள்ளூர அந்த ஆராய்ச்சியில் நம்பிக்கை உண்டு. போன வாரம் வென்றபோது போட்டிருந்த காலுறையைத் துவைக்காமல் இன்றும் போட்டிருக்கும் மனிதர் அவர். கொடியைப் பார்த்தார், ஸீலின்ஸ்கியைப் பார்த்தார், குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“ஆட்டம் இருக்கிற ஞாயித்துக்கிழமை என் தெருவுல ஒரு டிவி கறுப்பாக் கெடந்துதுன்னு நாளைக்கு எவனாவது சொல்லணுமா?” என்றார். பிறகு கொடியிலிருந்து ஒரு போர்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். அது ஸீலின்ஸ்கியின் பூட்ஸ் போர்டு. தன் சொந்தப் போர்டே தன் ஊருக்கு எதிராகப் புறப்பட்டுப் போவதை ஸீலின்ஸ்கி வாய் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

பனிக்குள் நீந்தி ஆறு வீடு கடக்கப் பதினைந்து நிமிடம் ஆயிற்று. ஜெரால்டின் சாப்பாட்டு மேசையை அறை நடுவே இழுத்துப்போட்டு, அதன்மேல் கம்பளி விரித்து, டிவியைக் கிடத்தித் தயாராக வைத்திருந்தார். நோர்பர்ட் முகர்ந்து பார்த்தார், வாடை இல்லை. செருகிப் பார்த்தார், சிவப்பு விளக்கு மூன்று முறை கண்ணடித்து அணைந்தது. மீட்டரை வைத்துப் பார்த்ததில் மின்சாரம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. பழுது மெயின் போர்டில்தான். ஸீலின்ஸ்கியின் டிவியும் அதே கம்பெனி, அதே வருடம், அதே மாடல். பழையதைக் கழற்றி ஸீலின்ஸ்கியைப் பொருத்தினார். திரைக்குப் போகும் நாடாக் கேபிளைப் பிடிக்கும் சின்ன பிளாஸ்டிக் பல் குளிரில் விறைத்திருந்து, அழுத்தியதும் ஒடிந்தது. பீர்ப்பெட்டி அட்டையைக் கிழித்து மடித்து ஆப்பாகச் செருகினார். மணி இரண்டு முப்பது.

டிவி விழித்துக்கொண்டது. வண்ணம் சுத்தம், ஒலி கணீர். ஆட்டக்காரர்கள் மட்டும் கூரையில் பூட்ஸ் பதித்து, தலையைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு வரிசையாக வெளியே வந்தார்கள்.

நோர்பர்ட்டுக்குக் காரணம் புரிந்தது. ஒரே மாடல் டிவிக்குள்ளும் இரண்டு தொழிற்சாலைத் திரைகள் இருக்கலாம்; ஒன்றின் போர்டு மற்றதில் படத்தைக் கவிழ்த்துக் காட்டும். எது எது என்று சொல்வது மாடல் எண்ணின் வால் எழுத்துகள். அந்த எழுத்துகள் ஸீலின்ஸ்கி டிவியின் பின்மூடியில் ஒட்டியிருந்தன. பின்மூடி நவம்பரிலேயே குப்பை வண்டியில் ஏறிவிட்டது. நோர்பர்ட்டின் பதிவேட்டில் மிஞ்சியிருந்தது, நாம் எத்தனை புள்ளியில் தோற்றோம் என்ற பொன்னான தகவல்.

உள் அமைப்பில் போய்ப் படத்தைத் திருப்பலாம். அதற்கு டிவியோடு வந்த ரிமோட் வேண்டும். அதை ஜெரால்டினின் நாய், உயிரோடிருந்த காலத்தில், தின்றுவிட்டது. நோர்பர்ட் கொண்டுவந்திருந்த நான்கு ரிமோட்டுகளும் கைவிரித்தன. மணி இரண்டு ஐம்பது.

“டிவியைத் திருப்பி வச்சா என்ன?” என்றார் ஜெரால்டின்.

முப்பது வருட அனுபவசாலி அவரை ஏறிட்டுப் பார்த்தார். கண்ணாடிக் கம்பியைச் சரிசெய்துகொண்டார். “அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன்” என்றார்.

மேசைமேல் டிவியைத் தலைகீழாக நிறுத்தி, பின்னால், பாதையில் பனி உருகப் போடும் உப்பு மூட்டைகள் இரண்டை முட்டுக் கொடுத்தார்கள். அதன் பாதங்கள் கவிழ்ந்த ஆமையின் கால்கள்போல் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. ஆனால் படத்தில் ஆட்டக்காரர்கள் தரையில் நின்றார்கள். எழுத்துகளை வாசிக்க முடிந்தது. மூடிபோட நேரமில்லை. வீட்டுக்கு ஓடினால் ஆட்டம் தொடங்குவதைக் கண் பார்க்காது. நோர்பர்ட் தன் பெருமையைக் காப்பாற்றும் பொருட்டு எதிரியின் சோபாவில் உட்கார்ந்தார்.

முதல் பாதி நமக்குச் சரியில்லை. இடைவேளையில் லொரேன் கூப்பிட்டு, வீட்டில் அவர் நாற்காலி காலியாக இருப்பதுதான் காரணம் என்று தெருவே சொல்வதாகத் தெரிவித்தார். கிளம்பலாமென்று ஒரு பூட்ஸை மாட்டியபோது இரண்டாம் பாதி தொடங்கி, நம் பையன் ஒருவன் எண்பது கஜம் ஓடிப் புள்ளி எடுத்தான். உடனே இரண்டாம் அழைப்பு. அவர் இருக்கிற இடத்தை விட்டு அசையவே கூடாது, இன்னொரு பூட்ஸையும் மாட்டக் கூடாது. அப்படியே ஒற்றைப் பூட்ஸோடு உட்கார்ந்திருந்தார். ஜெரால்டின் முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி வைத்துச் சுருட்டிய உருளையைச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தார். அவர் மகன் இருமுறை வந்து இருமுறையும் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினான். அவர் இருமுறையும் கைதட்டினார். நோர்பர்ட் உருளையைக் கவனமாக மென்றார்.

ஆட்டம் முடிய ஒரு நிமிடம். நாம் இரண்டு புள்ளி முன்னால். பந்து அவர்கள் கையில். அப்போது திரையில் பச்சைக் கோடுகள் ஓடின. பிறகு முழுவதும் வெளிறிப்போய், ஒலி மட்டும் வந்தது.

நோர்பர்ட் ஒரு பூட்ஸும் ஒரு காலுறையுமாக மேசைக்குப் பின்னால் பாய்ந்தார். சூட்டில் அட்டை இளகிக் கீழே விழுந்து கிடந்தது. மடித்துச் செருகினார், நழுவியது. துணிக்கிளிப்பைக் கேட்டு வாங்கினார். அதன் வாய் எட்டவில்லை. கடைசியில் கட்டைவிரலை வைத்து நாடாவை அழுத்தினார்.

“வந்துருச்சு” என்றார் ஜெரால்டின். விரலை எடுத்தார். “போயிருச்சு.” வைத்தார். “வந்துருச்சு.”

ஓடுகிற டிவிக்குள் விரல் வைக்கக் கூடாது என்பது தொழிலின் முதல் பாடம். அதை அவர் பலருக்குச் சொல்லியிருக்கிறார். இப்போது மேசைக்குப் பின்னால் உப்பு மூட்டைகளுக்கு நடுவே, பொம்மலாட்டக்காரர்போலக் குனிந்து நின்றார். அவர் பக்கம் தெரிந்தது கம்பிகளும் போர்டும், அதில் தன் கையால் எழுதிய ஏழு புள்ளித் தோல்வியும். அறிவிப்பாளர் நான்கு விநாடி பாக்கி என்றார். நாற்பத்தெட்டு கஜம் என்றார். டெரெக் வோய்சிக் என்றார்.

ஜெரால்டின் எழுந்து நின்றார். “நோர்ப், நீ இப்பிடி வா. அதை நான் பிடிச்சுக்கறேன். நீ இதைப் பாக்காம இருந்ததில்லையே.”

விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். படம் போகும், தெருவின் ஆராய்ச்சி நிரூபணமாகும், ஊர் பிழைக்கும். யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது, அட்டைதான் நழுவியது. இந்த எண்ணம் அவருக்கு வரவில்லை என்று எழுதினால் அது பொய். வந்தது. சுமார் ஒரு விநாடி தங்கியது.

“உக்காரு, ஜெரி” என்றார். “பையன் வந்துட்டான். அவனைப் பாரு.”

அவர் இருந்த இடத்திலிருந்து பார்க்கக் கிடைத்தது ஜெரால்டின் மட்டும்தான். தெரு நினைத்ததுபோல ஜெபமாலை அவர் கையில் இல்லை. பக்கத்துத் தட்டில், உருளைக்குப் பக்கத்தில் கிடந்தது. உதடுகள் எதையோ எண்ணின. உதைக்குமுன் மகன் வைக்கும் காலடிகள்: பின்னால் மூன்று, இடப்பக்கம் இரண்டு. வீட்டுச் செருப்புப் போட்ட அவருடைய வலது கால், கம்பளத்தின்மேல் தானாக மெல்ல முன்னால் வீசியது.

வாண்டா தெரு முழுக்க, பன்னிரண்டு வீடுகளும் மூச்சு விடவில்லை. பிறகும் விடவில்லை. எங்கோ ஒரு வீட்டில் என்னவோ உடையும் ஓசை மட்டும் கேட்டது.

ஜெரால்டின் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். பிறகு தன் வீட்டில், தன் இஷ்டத்துக்கு, வலிக்க வலிக்கக் கைதட்டினார். உதையை மறுபடி காட்டப் போகிறோம் என்று அறிவிப்பாளர் சொன்னார். நோர்பர்ட் மரத்துப்போன விரலை எடுக்காமல், இன்னும் சற்று அழுத்திப் பிடித்துக்கொண்டார்.